வஜ்ஜிரம், ஃபெவிகால், எம்-சீல்: ஒரு பசைப் புராணம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை எங்க வீட்டு பால்கனியில ஒரு துப்பாக்கி ரெண்டா ஒடஞ்சு விழுந்துச்சு. பதறாதீங்க. நுரைத் தோட்டா சுடற பொம்மைத் துப்பாக்கிதான். பையனுக்குப் பன்னெண்டு வயசு. ஃப்ராங்க்ஃபர்ட்ல அவன் கூட்டாளிங்க யாரும் அதைக் கடையில வாங்கினபடியே வெச்சு விளையாடறதில்லை. ஸ்குரூவைக் கழட்டி, ஸ்பிரிங் மாத்தி, பெரிய துப்பாக்கிக்கு அடியில சின்னத் துப்பாக்கி ஒண்ணை ஒட்டி ரெட்டைக்குழல் ஆக்கினாத்தான் மரியாதை. நம்மாளு சூப்பர் க்ளூ ஒரு டியூப் முழுக்கப் பிதுக்கி ஒட்டியிருந்தான். ஒரு தடவை கை தவறிச்சு. ஒட்டின இடம் மட்டும் கண்ணாடி மாதிரி 'டக்'குனு தெறிச்சுது.

"கெமிக்கல் எஞ்சினியர்னு சொல்லித்தானே என்னைக் கட்டினீங்க, ஒட்டிக் குடுங்க"ன்னு தங்கமணி நக்கல். இருபது வருஷமா நான் ஒட்டறதெல்லாம் எக்செல் ஷீட்டைத்தான்னு அவங்களுக்கும் தெரியும். கடைசியில தாராவிக்குப் போன் போட்டேன். அம்மாவோட தம்பி, எங்க மாமா, நாப்பது வருஷம் தோல்பை கர்கானாவுல பசை பூசின கை.

"மாமா, பிளாஸ்டிக் ஒட்ட எது நல்ல பசை?"

"எதையும் எதையும்ல ஒட்டப் போற? அதச் சொல்லாம பசையக் கேட்டா எப்படி மருமவனே?"

அந்த ஒரு கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். கொசுவத்திச் சுருளைச் சுத்திவிடறேன், பொறுமையா வாங்க.

எங்க அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்புல வேலை பார்த்தார். வீடு தாராவி பக்கம், லேபர் கேம்ப். பக்கத்து வரிசையில திருநெல்வேலி ஆசாரித் தாத்தா ஒருத்தர் இருந்தார். அவர் வாசல்ல காலையில ஒரு அடுப்பு எரியும். தண்ணி வெச்ச பெரிய டப்பாவுக்குள்ள சின்ன டப்பா. "என்ன தாத்தா சமையல்?"னு கேட்டா "வஜ்ஜிரம்"னுவார். நான் ரொம்ப நாள் அது வஞ்சிர மீன்னே நெனச்சிருந்தேன். ஆனா மீனுக்கு அந்த நாத்தம் வராது.

வஜ்ஜிரம்னா தோலையும் எலும்பையும் கொதிக்க வெச்சு எடுக்கற பசை. இந்திக்காரங்க 'சரேஸ்'னுவாங்க. தோல்ல இருக்கற கொலாஜன்ங்கற புரதம் வெந்நீர்ல கரைஞ்சு, ஆறினதும் இறுகும். கட்டியா வாங்கிட்டு வந்து ராத்திரி பூரா ஊறப் போடணும். நேரா அடுப்புல வெச்சா தீய்ஞ்சு, பிடிப்பு போயிடும். அதான் டப்பாவுக்குள்ள டப்பா, சுமாரா 60 டிகிரி சூடு. பூசினதும் மரத்தை இறுக்கிக் கட்டிடணும், ஆறிட்டா மறுபடி சூடு காட்டணும். உலகம் பூரா ஆசாரிங்க ஆயிரக்கணக்கான வருஷம் இப்படித்தான் ஒட்டினாங்க.

அந்தப் பசையோட மூலச் சரக்கு எங்க தெருவுக்குப் பக்கத்துலயே கிடைச்சது வேற கதை. பாந்த்ராவுல ஆடுமாடு வெட்டற கூடம் இருந்துச்சு. பச்சைத் தோல் அங்கிருந்து மாஹிம் கழிமுகம் தாண்டினா தாராவி. 19-ஆம் நூற்றாண்டு கடைசியில அங்கே தோல் பதனிடற பட்டறைங்க வந்தப்போ, முதலாளிங்கள்லயும் தொழிலாளிங்கள்லயும் பெரும்பகுதி நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிங்க, தலித் தொழிலாளிங்க. தோலைச் சுரண்டறப்ப உள்பக்கத்துல இருந்து வர்ற ஜவ்வு, ஓரத்துல வெட்டி எறியற துண்டு, இதெல்லாம்தான் பசை காய்ச்சறவனுக்குச் சரக்கு. 1971-ல வெட்டற கூடம் தேவ்னாருக்குப் போச்சு. கொஞ்சம் கொஞ்சமா பதனிடற பட்டறைங்களும் தாராவியை விட்டுக் கிளம்பிடுச்சு. பை, பெல்ட், பர்ஸ் தைக்கற கர்கானாக்கள் மட்டும் தங்கிடுச்சு. மாமா வேலைக்குச் சேர்ந்தது அப்படி ஒண்ணுலதான்.

வஜ்ஜிரத்துக்கு ஒரே எதிரி பம்பாய் மழை. ஜூன் மாசம் ஈரக்காத்து அடிச்சா பசை இளகும், நாற்காலிக் கால் ஆடும். ரெண்டு மரத்துக்கு நடுவுல சந்து இருந்தா பசை சுருங்கி விட்டுடும். அதுக்குத் தாத்தா, இழைப்புளித் தூளை வஜ்ஜிரத்தோட பிசைஞ்சு அடைப்பார். பசைங்கறது ரெண்டு பரப்பைப் பிடிக்கறதுக்கு, சந்தை அடைக்கறதுக்கு வேற சாமான் வேணும்னு நான் பார்த்த முதல் பாடம் அது. தட்டானுக்கும் இது தெரியும். உள்கூடா இருக்கற நகைக்குள்ள அரக்கு ஊத்தறது அதுக்குத்தான். (அடகுக் கடைக்காரருக்கு அதைவிட நல்லாத் தெரியும். எடையில கழிப்பார்.)

இப்ப ஃபெவிகாலுக்கு வருவோம். பல்வந்த் பாரேக். 1925-ல குஜராத்துல மஹுவாங்கற ஊர்ல பிறந்தவர். பம்பாயில சட்டம் படிச்சார், வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல கலந்துக்கிட்டார், வக்கீல் தொழில் பண்ணலை. சாயப் பட்டறை, அச்சகம்னு வேலை பார்த்து, ஒரு மர வியாபாரியோட ஆபீஸ்ல பியூனா இருந்தார். குடித்தனம் அந்தக் கிடங்குலயே. ஆசாரிங்க படற பாட்டை அவர் கிட்டத்துல இருந்து பார்த்த காலம் அதுதான். அப்புறம் ஜெர்மனியோட ஹோக்ஸ்ட் கம்பெனிக்கு இந்தியாவுல பிரதிநிதியா இருந்த ஃபெட்கோவுல கூட்டு. 1954-ல ஜேக்கப் சர்க்கிள் பக்கம் தம்பியோட சேர்ந்து துணிக்கு அச்சடிக்கற சாயக் குழம்பு தயாரிக்க ஆரம்பிச்சார். 1959-ல வெள்ளைப் பசை. ஹோக்ஸ்ட் வித்த 'மோவிகோல்' பேரைப் பார்த்து வெச்ச பேருதான் 'ஃபெவிகால்'.

'கோல்'னா ஜெர்மன்ல ஒட்டறதுன்னு அர்த்தம்னு எல்லாரும் எழுதறாங்க. இங்கே இத்தனை வருஷத்துல பசையை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 'லைம்'னுவாங்க, 'க்ளேபர்'னுவாங்க. வேர் கிரேக்கத்துல இருக்கு. 'கோல்லா'ன்னா பசை. 'கொலாஜன்'ங்கற வார்த்தையும் அங்கிருந்து வந்ததுதான், பசையைத் தர்றதுன்னு பொருள். ஆக, ஆசாரித் தாத்தாவோட நாறுன டப்பாவும் ஃபெவிகால் டப்பாவும் பேர்ல சொந்தக்காரங்க.

நான் ஆபீஸ் போற ரயில் ஹோக்ஸ்ட் ஸ்டேஷன்ல நிக்கும். கம்பெனி 1999-லயே வேற கம்பெனியோட இணைஞ்சு பேர் மறைஞ்சுடுச்சு. ஊர்ப்பேரும் தொழிற்பேட்டையும் இருக்கு. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வர்றது தாராவி மாலாவுல இருந்த வெள்ளை டப்பாதான்.

ஃபெவிகால் எப்படி ஜெயிச்சுது? எல்லாரும் விளம்பரத்தைச் சொல்வாங்க. கூரை வரைக்கும் ஆள் ஒட்டிக்கிட்டுப் போற பஸ் விளம்பரம் 2002-ல கான் விழாவுல பரிசு வாங்குச்சு, வாஸ்தவம். ஆனா அது வெற்றிக்கப்புறம் அடிச்ச மேளம். பாரேக் கடைக்காரனை நம்பாம நேரா ஆசாரிங்ககிட்ட போனார். அடுப்பு வேண்டாம், ஊறப் போட வேண்டாம், நாத்தம் இல்லை, டப்பாவைத் திறந்து பூசு. ஒரு நாள்ல ரெண்டு மணி நேரம் மிச்சம்னா தினக்கூலிக்காரன் எதை வாங்குவான்? எங்க தாத்தா கடைசி வரைக்கும் "வஜ்ஜிரம் மாதிரி வராது"ன்னு சொல்லிக்கிட்டே ஃபெவிகால்தான் வாங்கினார்.

ஃபெவிகால்ல இருக்கறது பாலிவினைல் அசிடேட். 1912-ல ஜெர்மனியில ஃப்ரிட்ஸ் க்ளாட்டே கண்டுபிடிச்சது. தண்ணியில மிதக்கற குட்டிக் குட்டி பிளாஸ்டிக் துளிங்க. மரம் தண்ணியை உறிஞ்சினதும் துளிங்க ஒண்ணோட ஒண்ணு நெருங்கி ஒரே படலமாயிடும். மரத்துக்கும் காகிதத்துக்கும் ராஜா. பிளாஸ்டிக்குக்கு உதவாது, ஏன்னா தண்ணிக்குப் போக வழி இல்லை. விளம்பரத்துல உலகத்தையே ஒட்டற பசை, என் பையன் துப்பாக்கியை ஒட்டாது.

இதையெல்லாம் பாடமா சொல்லித் தர்ற இடம் எங்க வீட்டுல இருந்து ரயில்வே பாலம் தாண்டினா இருந்துச்சு. மாட்டுங்கா யு.டி.சி.டி. 1933-ல பம்பாய் பல்கலைக்கழகத்தோட ரசாயனத் தொழில்நுட்பத் துறையா ஆரம்பிச்சது. 1938-ல அதுக்கு முதல் இந்திய இயக்குநரா வந்தவர் நம்ம மெட்ராஸ்காரர், கே. வெங்கடராமன். சாய வேதியியல்ல உலகப் பேர் வாங்கினவர், 1957-ல புனே தேசிய ரசாயன ஆய்வகத்துக்குப் போனார். 2008-ல அந்தக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிடுச்சு. கிங்ஸ் சர்க்கிள் ட்யூஷனுக்குப் போறப்பல்லாம் அந்த கேட்டைப் பார்த்து ஏங்குவேன். சீட் கிடைக்கலை. (வேற காலேஜ்ல படிச்சேன், அதை விடுங்க.) பாலத்துக்கு அந்தப் பக்கம் பாலிமர் பாடம், இந்தப் பக்கம் அதே பாலிமரைத் தகர டப்பாவுல இருந்து விரலால எடுத்துப் பூசற மாமா. ரெண்டுக்கும் நடுவுல நாலு தண்டவாளம்.

மாமா பூசினது ஃபெவிகால் வெள்ளை இல்லை. 'சொல்யூஷன்'. மஞ்சளா, தேன் மாதிரி. 1930-ல அமெரிக்காவுல டூபாண்ட் ஆய்வகத்துல பிறந்த நியோப்ரீன் ரப்பரைக் கரைப்பான்ல கரைச்சது. ரெண்டு பக்கமும் பூசி, பத்து நிமிஷம் காயவிட்டு, விரல்ல ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்தணும். சேர்ந்தா சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது. தோலுக்கும் ரெக்சினுக்கும் இதுமாதிரி கிடையாது, வளைஞ்சு குடுக்கும். அந்தப் பத்து நிமிஷத்துல கரைப்பான் எல்லாம் எங்கே போகுது? பத்தடிக்குப் பத்தடி மாலாவுல, ஜன்னல் இல்லாத இடத்துல, ஆறு பேர் மூக்குல போகுது.

எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும். ஸ்கூல் விட்டதும் அங்கேதான் போய் உட்காருவேன். தலை லேசா கிறுகிறுக்கும். மாமா சிரிச்சுக்கிட்டே "போதும்ல, எந்திரி"ன்னு விரட்டுவார். அவரு அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

காலேஜ்ல தொழிற்சாலை நச்சுகள் பத்திப் படிச்சப்பதான் வயித்தைக் கலக்குச்சு. 1960-கள்ல ஜப்பான்ல வீட்டுலயே செருப்பு ஒட்டற தொழிலாளிங்களுக்குக் கை கால் மரத்துப் போச்சு. காரணம் பசையில இருந்த ஹெக்சேன், அது உடம்புக்குள்ள போய் நரம்பைத் தின்னுது. இஸ்தான்புல்ல முசாஃபர் அக்சாய்னு ஒரு டாக்டர். செருப்பு, கைப்பை செய்யறவங்க பசையில பென்சீன் இருந்ததையும், அவங்களுக்கு ரத்தப் புற்றுநோய் வர்றதையும் சேர்த்துப் பார்த்து 1974-ல எழுதினார். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும்னு இன்னிக்கு உலகமே ஒத்துக்குது. மாமா டப்பாவுல என்ன கரைப்பான் இருந்துச்சு? டப்பாவுல எழுதலை, கேட்கணும்னு யாருக்கும் தோணலை. மாமாவுக்கு இப்ப விரல் நுனியில உணர்ச்சி கம்மி. சட்டை பொத்தானை அத்தைதான் போட்டுவிடறாங்க. சுகரும் இருக்கு. அதனாலயா இதனாலயான்னு எந்த டாக்டரும் பிரிச்சுச் சொல்லலை.

சரி, துப்பாக்கிக்கு வர்றேன்.

பையன் ஒட்டின சூப்பர் க்ளூவுக்கே ஒரு துப்பாக்கிக் கதை உண்டு. 1942-ல கோடாக் கம்பெனியில ஹாரி கூவர், துப்பாக்கிக்குக் குறிபார்க்கற கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கிட்டிருந்தார். தொட்டதெல்லாம் ஒட்டிக்குதேன்னு எரிச்சல்ல தூக்கிப் போட்டார். 1951-ல மறுபடி அதே சனியன் எதிர்ல வந்தப்பதான் இதுவே ஒரு பசையாச்சேன்னு உறைச்சுது. 1958-ல கடைக்கு வந்துச்சு. காத்துல இருக்கற ஈரமே அதை இறுக வைக்கும். மெல்லிசா, சந்தே இல்லாம ரெண்டு பரப்பு சேர்ந்தா பிரமாதம். சந்துல நிரப்பினா சரியா இறுகாது, இறுகினாலும் நொறுங்கும். ஒரு டியூப் முழுக்க ஊத்தினது தப்பே தவிர பசை தப்பில்லை. அதுமேல சமையல் சோடா தூவினா உடனே கல்லாயிடும், சின்ன ஓட்டைக்கு அது போதும். ரெண்டு துப்பாக்கியோட வளைஞ்ச வயித்துக்கு நடுவுல நாலு மில்லிமீட்டர் சந்து. அதுக்குப் போதாது.

அப்ப எம்-சீல்தான். பம்பாயில வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித் தரணுமா? மழைக்காலத்துல தண்ணி டிரம், குழாய், தகரக் கூரை, மோரி, எது ஒழுகினாலும் ரெண்டு பட்டையைப் பிய்ச்சு, சரிபாதி எடுத்து, ஒரே நிறம் வர்ற வரைக்கும் பிசை, அப்பு. இந்த எபாக்சி சமாசாரத்தோட முன்னோடி ஸ்விட்சர்லாந்துல பியர் காஸ்டான். 1930-கள்ல பல்செட் செய்யறதுக்கு ஒரு பிசின் தேடினார். சீபா கம்பெனி அதை வாங்கி 1946-ல அரால்டைட்னு கொண்டு வந்துச்சு. எம்-சீல் மஹிந்திரா குழுமத்துகிட்ட இருந்து 2000-ல பாரேக் கம்பெனி கைக்குப் போச்சு. இதுல தண்ணியும் இல்லை, ஆவியாகற கரைப்பானும் இல்லை. போட்ட அளவு அப்படியே இறுகும், சுருங்காது. அதனாலதான் சந்தை அடைக்க முடியுது. ஆசாரித் தாத்தா மரத்தூள் கலந்த மாதிரி இதுலயே கல்பொடி கலந்திருக்கு.

ஆனா மாமாவோட கேள்வி அப்படியே நிக்குது. எதையும் எதையும்?

தாராவி 13-வது காம்பவுண்ட்ல பழைய பிளாஸ்டிக் பிரிக்கற ஆளுங்களுக்கு இது மூச்சு விடற மாதிரி. வாளி, பொம்மை, டிவி கூடு, எல்லாம் கலந்து வரும். தட்டிச் சத்தம் கேப்பாங்க, வளைச்சு வெளுக்குதான்னு பாப்பாங்க, சந்தேகம்னா ஓரத்துல நெருப்பு வெச்சு மோந்து பாப்பாங்க. பாலிதீன் மெழுகுவத்தி மாதிரி வாசனை. ஏ.பி.எஸ். கரும்புகை கக்கும். (அந்தப் புகைக்கு யாரு கணக்கு வெச்சாங்கன்னு கேக்காதீங்க.) அந்தச் சரக்குல ஒரு பங்கு ஒரு காலத்துல செம்பூர் தாண்டி ட்ராம்பேயில பிறந்தது. 1966-ல இந்தியாவோட முதல் நாப்தா க்ராக்கர் அங்கேதான் ஓட ஆரம்பிச்சது, அப்புறம் மூடியாச்சு. நாங்க 90-கள்ல செம்பூருக்குக் குடிபோனப்ப, உர ஃபேக்டரி பக்கமிருந்து காத்தடிச்சா ஜன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்ச பெட்ரோகெமிக்கல்.

மாமா நெருப்பு வேண்டாம்னார். "தண்ணியில போட்டுப் பாருல. ஒரு சொட்டு சோப்பு விடு. மிதந்தா ஒட்டாது, முங்கினா ஒட்டும்."

கேட்டதும் புல்லரிச்சுது. பாலிதீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணியை விட லேசு. அதுங்க மேல சாதாரணப் பசை எதுவும் நிக்காது. ஏ.பி.எஸ். தண்ணியை விடக் கொஞ்சம் கனம், அது ஒட்டும். நைலான் மாதிரி முங்கியும் முரண்டு பிடிக்கறதுங்க உண்டு, ஆனா பொம்மைக் கூட்டுக்கு மாமா கணக்கு போதும். ரெண்டு துப்பாக்கியில இருந்தும் உள்பக்கம் துணுக்குச் சுரண்டிப் போட்டோம். பெருசு முங்குச்சு. சின்னது, ஏதோ ஒரு மலிவு கம்பெனி, மிதந்துச்சு! அரால்டைட்டே வந்தாலும் அது மேல ஒட்டாது. பையன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

அப்புறம் தாத்தா வழிதான். பசையை நம்பாம பிடிமானத்தை நம்பறது. மிதக்கற துப்பாக்கியோட வெளிக்கூட்டுல, ஸ்பிரிங்கும் பிஸ்டனும் ஓடாத இடமாப் பார்த்து ஆறு ஓட்டை போட்டோம். முங்கற துப்பாக்கியை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கித் துடைச்சோம். எபாக்சியைப் பிசைஞ்சு ஓட்டைக்குள்ள அழுத்தினா அது மறுபக்கம் போய் ஆணித்தலை மாதிரி பரந்து இறுகிக்கும். துணைக்கு ரெண்டு நட்டு போல்ட்டு. அசிட்டோன்ல ஏ.பி.எஸ். தூளைக் கரைச்சு பூசினா இன்னும் நல்லா வரும்னு பையன் எங்கேயோ பார்த்துட்டு வந்தான். அந்தப் பெருசுக்கு மட்டும் சரி, சின்னதுல அதுவும் நிக்காதுன்னு சொன்னேன். உண்மையான காரணம் வேற. டப்பாவைத் திறந்து அவன் மூக்கைச் சுருக்காம ஆசையா இழுத்து மோந்தான். மூடி பரண்ல வெச்சுட்டேன்.

எபாக்சியும் கைபடாம, கையுறை போட்டு, பால்கனிக் கதவைத் திறந்து வெச்சுதான். ஒரு நாள் பூரா தொடக்கூடாதுன்னு கண்டிஷன். குழல் நுனியில இருக்கற ஆரஞ்சு நிறத்தை மட்டும் மறைச்சுப் பெயிண்ட் அடிக்க விடலை, பொம்மைன்னு தூரத்துல இருந்து தெரியணும். இப்ப மூணு வாரம் ஆச்சு. ரெண்டு தடவை மாடிப்படியில உருண்டு விழுந்தாச்சு, அசையலை.

மாமாவுக்கு வீடியோவுல காமிச்சோம். பையன் அரைகுறைத் தமிழ்ல "தாத்தா, ஒட்டிடுச்சு"ன்னான். அவர் போனைத் திருப்பி கர்கானாக் கதவைக் காமிச்சார். தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ல தொடங்கின கணக்கெடுப்புல அதுல ஒரு நம்பர் எழுதிட்டுப் போயிருக்காங்க. கீழே வீடா மேலே கர்கானாவா இருக்கறதுக்கு எங்கே, எவ்வளவு இடம் கிடைக்கும்னு அவருக்கு இன்னும் யாரும் சொல்லலை.

"பெயிண்ட்ல எழுதிருக்கான் பாரு. தகரத்தத் தேய்க்காமலே அடிச்சிட்டான், ரெண்டு மழைக்கு உரிஞ்சிரும்"னார்.